வாலெட்டாவில் ஒரு பகல்

உல்லாசக் கப்பலில் பிரயாணம் செய்கிறவர்களுக்கு ஊர் பார்க்கக் கிடைக்கும் அவகாசம் சொற்பம். காலை 7 அல்லது 8 மணிக்குக் கப்பல் துறை சேரும். மாலை 5 மணிக்கோ 6 மணிக்கோ கிளம்பிவிடும். கிளம்புவதற்கு அரை மணி முன்னதாகவே எல்லோரும் ஏறிவிட வேண்டும் என்பது கப்பல் சட்டம். தாமதித்தவருக்காகக் கப்பல் காத்திராது. அவர் சொந்தச் செலவில் அடுத்த துறைமுகத்துக்குப் போய் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். இந்த எட்டு ஒன்பது மணி நேரத்தில் ஒரு தேசத்தைப் பார்த்துவிட்டு வந்து, ஆறு மாதம் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பவர்கள் நம்மில் உண்டு. அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? பல துறைமுகங்களில் கப்பல் நிற்கும் இடம் ஒன்று, பார்க்க வேண்டிய ஊர் வேறொன்று. ரோமாபுரியைப் பார்க்க ஆசைப்படுகிறவர் சிவிட்டாவெக்கியா என்னும் துறையில் இறங்கி, ரயிலிலோ பஸ்ஸிலோ ஒரு மணி நேரத்துக்கு மேல் போக வேண்டும். போகிற நேரமும் திரும்புகிற நேரமும் கழித்துப் பார்த்தால், மிச்சத்தில் பாதி வரிசையில் நிற்பதிலேயே தீர்ந்துபோகும்.

மத்தியதரைக் கடலின் நட்ட நடுவில் இருக்கும் மால்டாத் தீவின் தலைநகரான வாலெட்டாவில் இந்தத் தொல்லை கிடையாது. கப்பல் நிற்பது ஊரின் காலடியில். ஊரோ ஒரு சிறிய குன்று. மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த அந்தக் குன்றின் நீளம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அகலம் அதில் பாதிதான் இருக்கும். மயிலாப்பூர்க் குளத்தங்கரையிலிருந்து சாந்தோம் கடற்கரைக்கு நடந்து பழகியவர்கள் வாலெட்டாவை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை நடந்துவிடலாம். ஆகவே கப்பல் கம்பெனியார் விற்கும் பஸ் பிரயாணச் சீட்டை வாங்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நல்ல செருப்பும், ஒரு குப்பி ஜலமும், வெயிலுக்கு ஒரு குடையும் போதும். முழங்கால் வலி உள்ளவர்கள் மட்டும் யோசித்துச் செய்ய வேண்டும். வாலெட்டாவின் பல தெருக்கள் தெருக்களே அல்ல, படிக்கட்டுகள்.

கப்பல் உள்ளே நுழைகிற சமயத்தில் தூங்கிக்கொண்டிருப்பவர் பாதி மால்டாவை இழந்தவர். இரண்டு பக்கமும் தேன் நிறக் கல்லில் கோட்டைகள், கொத்தளங்கள், மறுபடியும் கோட்டைகள்! கடலிலிருந்து நேராக எழும்பும் மதில்களின் நடுவே நமது கப்பல் மெதுவாகப் போகிறது. 'இத்தனை சிறிய தீவுக்கு இத்தனை கோட்டையா?' என்று ஆச்சரியம் உண்டாகும். தீவு சிறியதானாலும் துறைமுகம் பெரியது, அதுதான் காரணம். ஸிஸிலிக்கும் ஆப்பிரிக்காவுக்கும் இடையே, கிழக்கிலிருந்து மேற்கே போகிற கப்பல்களெல்லாம் கடந்து செல்ல வேண்டிய வழியில், ஆழமும் அடைப்பும் உள்ள இப்பேர்ப்பட்ட துறை வேறு இல்லை. கடலை ஆள விரும்பியவர்கள் எல்லோரும் இந்தத் துறையை விரும்பினார்கள். பினீஷியர், கார்த்தேஜியர், ரோமர், அராபியர், நார்மானியர், ஸ்பெயின் ராஜாக்கள் என்று வரிசையாக வந்தார்கள். தீவில் குடியிருந்தவர்களை யாரும் கேட்கவில்லை.

1530-ஆம் வருஷத்தில் ஐந்தாம் சார்லஸ் சக்கரவர்த்தி இந்தத் தீவை ஸெயின்ட் ஜான் சபை வீரத் துறவிகளுக்கு மானியமாகக் கொடுத்தார். வருஷ வாடகை எவ்வளவு தெரியுமா? ஒரு ராஜாளிப் பறவை! பறவை போய்ச் சேர்ந்தால் சரி, தீவும் அதிலுள்ள ஜனங்களும் அவர்களுடையது. 1565-இல் துருக்கிய ஸுல்தானின் பெரும் படை வந்து சுமார் நாலு மாத காலம் முற்றுகையிட்டது. வீரத் துறவிகள் சில நூறு பேர். அவர்களோடு நின்று போரிட்ட மால்டாக் குடிகள் ஆயிரக்கணக்கானவர்கள். செப்டம்பர் மாதம் முற்றுகை உடைந்தது. மறு வருஷமே, அதுவரை கோடியில் ஒரே ஒரு கோட்டை மட்டும் இருந்த மொட்டைக் குன்றின்மேல், ஒரு புது நகரத்துக்கு அஸ்திவாரம் போட்டார்கள். அப்போது சபையின் பெருந்தலைவராக இருந்த வாலெட் என்பவரின் பெயரே ஊருக்கு வந்தது. குடிகளின் பெயர் எந்த ஊருக்கும் வரவில்லை.

நிற்க. கப்பலிலிருந்து இறங்கியதும் எதிரே ஒரு நீண்ட வரிசையாகப் பழைய கிடங்குகள் தெரியும். 1752-இல் பிண்டோ என்ற பெருந்தலைவர் கட்டியவை. இப்போது அவை சாப்பாட்டுக் கடைகளாகவும் சாமான் கடைகளாகவும் இருக்கின்றன. கதவுகளுக்கு நீலம், பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வர்ணம் பூசியிருக்கிறார்கள். வாடகைக் கார்காரர்களும் குதிரை வண்டிக்காரர்களும் சூழ்ந்துகொள்வார்கள். அவர்களுக்கு ஒரு புன்னகையை மட்டும் கொடுத்துவிட்டு, கடலோரமாகவே பத்து நிமிஷம் நடந்தால் ஒரு லிப்ட் வரும். 2012-இல் அமைத்தது, 58 மீட்டர் உயரம் ஏற்றிவிடும். கதவு திறந்தால் அப்பர் பராக்கா என்னும் தோட்டம். அங்கே கைப்பிடிச் சுவரருகே நின்று பார்க்கிற காட்சிக்காக மட்டுமே இந்த ஊருக்கு வரலாம்.

கீழே பெருந்துறை முழுவதும் விரிந்து கிடக்கிறது. நம் கப்பல்கூட இப்போது பொம்மை மாதிரிதான். அக்கரையில் பிர்கு, ஸெங்லியா, போர்ம்லா என்ற மூன்று பழைய ஊர்கள். சுவருக்குக் கீழே ஒரு மேடையில் பீரங்கிகளை வரிசையாக வைத்திருக்கிறார்கள். தினந்தோறும் நடுப்பகல் 12 மணிக்கு ஒன்று வெடிக்கும். முற்காலத்தில் துறையிலுள்ள கப்பல்கள் அந்தச் சப்தத்தைக் கேட்டுத் தங்கள் கடிகாரங்களைச் சரி செய்துகொண்டன. இப்போது நம்மைப் போன்றவர்கள் காதைப் பொத்திக்கொண்டு போட்டோ எடுத்துக்கொள்கிறோம்.

இந்தச் சுவரருகே நிற்கும் இந்தியனுக்கு மட்டும் காட்சியோடு வேறு சில ஞாபகங்களும் வர வேண்டும். 1878-இல் ருஷியாவைப் பயமுறுத்துவதற்காகப் பிரிட்டிஷ் பிரதம மந்திரி டிஸ்ரேலி, பம்பாயிலிருந்து சுமார் 7,000 இந்தியச் சிப்பாய்களைக் கப்பலேற்றி இங்கே கொண்டுவந்து இறக்கினார். சென்னைப் படையைச் சேர்ந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். தங்களுக்கு ருஷியர்களோடு என்ன தகராறு என்பது அந்தச் சிப்பாய்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. யுத்தம் வரவில்லை, அதனால் பிழைத்தார்கள்.

பத்து வருஷத்துக்குப் பிறகு, 1888-இல், 'கிளைட்' என்ற கப்பலில் லண்டனுக்குப் பாரிஸ்டர் படிப்புக்காகப் போய்க்கொண்டிருந்த குஜராத்தி இளைஞர் ஒருவர் இந்தத் துறையில் இறங்கி, நம்மைப் போலவே சில மணி நேரம் ஊர் பார்த்தார். மாதா கோயிலுக்குப் போனார். கல் பாவிய தெருக்களைக் கவனித்தார். பழைய ஆயுதசாலையையும் பார்த்து நாட்குறிப்பில் எழுதிவைத்தார். அப்போது அவருக்கு 19 வயது ஆகியிருந்தால் அதிகம். பின்னால் உலகம் அவரை மகாத்மா என்றது.

மூன்றாவது ஞாபகம் கசப்பானது. தேவபந்த் மதரஸாவின் தலைவரான மௌலானா மஹ்மூத் ஹஸனை, பிரிட்டிஷாருக்கு எதிராகச் சதி செய்ததாகச் சொல்லி மக்காவில் பிடித்து, 1917-இல் இந்தத் தீவுக்குக் கொண்டுவந்து போர்க் கைதிகளோடு அடைத்தார்கள். அவருடைய சீடர் ஹுஸேன் அஹ்மத் மதனி முதலிய சிலரும் கூட இருந்தார்கள். அவர்களில் ஒருவர் இங்கேயே காலமானார். மூன்று வருஷத்துக்கு மேல் சிறையிருந்துவிட்டு 1920-இல் முதியவர் தேசம் திரும்பினார். உடம்பு நைந்துபோயிருந்தது. அப்படியும் ஒத்துழையாமை இயக்கத்தை ஆதரித்து, அவ்வருஷம் அக்டோபரில் அலிகாரில் ஜாமியா மில்லியா தேசியக் கலாசாலையைத் தொடங்கிவைத்தார். அடுத்த மாதமே கண்ணை மூடினார். வட இந்தியாவில் 'மால்டாக் கைதி' என்றால் இன்றைக்கும் அவர்தான். உல்லாசக் கப்பல்களின் வழிகாட்டிப் புஸ்தகங்களில் அவர் பெயரை நான் தேடிப் பார்த்தேன். ஐஸ்கிரீம் கடைகளின் பெயர்கள்தான் இருந்தன.

தோட்டத்தை விட்டு ஊருக்குள் போவோம். வாலெட்டாவின் தெருக்கள் சதுரங்கப் பலகைபோல் நேர்க்கோடுகளாக ஓடுகின்றன. லாப்பரெல்லி என்ற இத்தாலிய என்ஜினீயர் வகுத்த திட்டம் அது. ஆறோ ஏரியோ இல்லாத தீவாகையால், வீடு கட்டுகிறவர் ஒவ்வொருவரும் பாறையைக் குடைந்து மழை நீர்த்தொட்டி அமைத்தே தீர வேண்டும் என்று அந்தக் காலத்திலேயே சட்டம் செய்தார்கள். நகரசபைக்காரர்கள் கவனிக்க வேண்டிய விஷயம்! இன்றைக்கு இந்தத் தீவின் குடிநீரில் பாதிக்கு மேல் கடல் நீரைச் சுத்திகரித்து எடுத்தது. வீட்டு மாடிகளிலிருந்து தெருவை எட்டிப் பார்க்கும் மரக் கூண்டுகள் மற்றொரு விசேஷம். பச்சை, சிவப்பு, நீலம் பூசிய அந்தக் கூண்டுகளுக்குள் உட்கார்ந்தால் தெருவில் போகிற எல்லோரும் நமக்குத் தெரிவார்கள். நாம் யாருக்கும் தெரிய மாட்டோம். திண்ணை இல்லாத ஊருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு சொல்ல முடியாது.

ஊரின் நடுத் தெருவின் பெயர் ரிபப்ளிக் தெரு. இந்த ஒரு தெருவின் பெயர்களை மட்டும் எழுதினாலே ஊரின் சரித்திரம் எழுதினதாகும். வீரத் துறவிகள் காலத்தில் ஸான் ஜார்ஜியோ தெரு. பிரெஞ்சுக்காரர் வந்ததும் தேசீயத் தெரு. பிரிட்டிஷார் வந்ததும் ராஜ வீதி. அதை முதலில் இத்தாலிய பாஷையிலும் பிறகு இங்கிலீஷிலும் சொன்னார்கள். 1974-இல் மால்டா குடியரசான பின் இப்போதைய பெயர். தெருவின் தலைப்பில், 1942 ஏப்ரலில் ஜெர்மன் குண்டு விழுந்து இடிந்த சங்கீத நாடக சாலையின் தூண்கள் இன்னும் நிற்கின்றன. திரும்பக் கட்டுவதா, வேண்டாமா என்று எழுபது வருஷம் வாதாடிவிட்டு, கடைசியில் இடிபாட்டை அப்படியே விட்டு, நடுவில் கூரையில்லாத ஒரு அரங்கத்தை 2013-இல் அமைத்திருக்கிறார்கள். அந்த யுத்தத்தில் இந்தத் தீவின்மேல் விழுந்த குண்டுகளுக்குக் கணக்கில்லை. உணவும் எண்ணெயும் தீரும் தறுவாயில், 1942 ஆகஸ்டில், புறப்பட்ட 14 சரக்குக் கப்பல்களில் ஐந்து மட்டும் தப்பி வந்து சேர்ந்தன. ஜனங்களின் தைரியத்துக்காக இங்கிலாந்து அரசர் தீவு முழுவதற்கும் ஒரு பதக்கம் கொடுத்தார். அந்தச் சிலுவை இன்றும் அவர்கள் கொடியில் இருக்கிறது.

அடுத்து ஸெயின்ட் ஜான் மாதா கோயில். வெளியிலிருந்து பார்த்தால் நெல் கிடங்குபோல் இருக்கும். 'இதற்கா டிக்கட்டு?' என்று முணுமுணுத்துக்கொண்டு உள்ளே போகிறவர்கள், போனதும் வாயை மூடிக்கொள்வார்கள். சுவரெல்லாம் பொன் பூச்சு, கூரையெல்லாம் சித்திரம், தரை முழுவதும் பல நிறச் சலவைக் கல்லால் இழைத்த சமாதிகள், சுமார் 400. கூர்மையான குதிகால் செருப்போடு வரக் கூடாது என்று தடை செய்திருக்கிறார்கள். நம் ஊர்க் கோயில் வழக்கப்படி வாசலிலேயே செருப்பைக் கழற்றச் சொல்லியிருந்தால் விஷயம் சுலபமாக முடிந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் வேடிக்கை பார்க்க அனுமதி இல்லை.

பக்கத்து மண்டபத்தில், காரவாஜ்ஜோ 1608-இல் எழுதிய பெரிய படம் இருக்கிறது. ஸ்நாபக அருளப்பரின் சிரச்சேதம். ஐந்து மீட்டருக்கு மேல் அகலம். அதில் பெரும் பகுதி வெறும் இருட்டு. சிறைச்சாலை முற்றத்தின் ஒரு மூலையில் சிலர் ஒரு காரியத்தைச் சீக்கிரம் முடித்துவிட அவசரப்படுகிறார்கள், அவ்வளவுதான். தரையில் சிந்திய ரத்தத்தில் சித்திரக்காரர் தம் பெயரை எழுதியிருக்கிறார். அவர் கையெழுத்திட்ட படம் இது ஒன்றே. ரோமாபுரியில் ஒரு கொலை செய்துவிட்டு ஓடி வந்தவர் அவர். இங்கே அவரையும் வீரத் துறவியாக்கினார்கள். சில மாதத்துக்குள் மறுபடியும் சண்டை, சிறை, சிறையிலிருந்து ஓட்டம். அவரைச் சபையிலிருந்து விலக்கிய தீர்ப்பை அதே மண்டபத்தில், அவர் எழுதிய அதே படத்தின் முன்னால் வாசித்தார்களாம். அவசரப்படாமல் பதினைந்து நிமிஷம் இந்தப் படத்தின் எதிரில் உட்காருங்கள்.

இனி அரண்மனைச் சதுக்கம். வீரத் துறவிகளின் பெருந்தலைவர்கள் வாழ்ந்த அரண்மனை ஒரு பக்கம். மகாத்மா பார்த்த ஆயுதசாலை அதில்தான் இருக்கிறது. எதிர்ப் பக்கத்தில் பழைய காவற்படைக் கட்டடம். அதன் நெற்றியில் பிரிட்டிஷ் ராஜ சின்னமும், கீழே லத்தீனில் ஒரு வாசகமும் செதுக்கியிருக்கிறது. 'மகத்தான, வெல்லப்படாத பிரிட்டனுக்கு, மால்டாக்காரர்களின் அன்பும் ஐரோப்பாவின் குரலும் இத்தீவுகளை உறுதி செய்கின்றன, 1814' என்பது அதன் கருத்து. அன்பாம்! இந்த அன்பின் கதையைக் கேளுங்கள்.

1798 ஜூனில் நெப்போலியன், எகிப்துக்குப் போகிற வழியில், கப்பல்களுக்கு ஜலம் வேண்டும் என்ற சாக்கில் இங்கே வந்தான். வீரத் துறவிகள் ஏறக்குறையச் சண்டையே போடாமல் தீவைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். நெப்போலியன் ஆறு நாள் தங்கி, சட்டங்களையெல்லாம் மாற்றி, கோயில் வெள்ளியை எடுத்துக்கொண்டு புறப்பட்டான். அவன் விட்டுப்போன படையினர் கோயில் சாமான்களை ஏலம் போட ஆரம்பித்ததும், செப்டம்பரில், ஜனங்கள் எழுந்தார்கள். பிரெஞ்சுப் படை வாலெட்டாக் கோட்டைக்குள் ஒளிந்துகொண்டது. முற்றுகை இரண்டு வருஷம் நடந்தது. உள்ளேயிருந்து கதவைத் திறந்துவிடச் சதி செய்ததற்காக, டுன் மிக்கியேல் ஷெர்ரி என்ற பாதிரியாரையும் வேறு பலரையும் 1799 ஜனவரியில் இதே சதுக்கத்தில் சுட்டுக் கொன்றார்கள். மால்டாக்காரர்கள் பிரிட்டிஷ் கடற்படையை உதவிக்கு அழைத்தார்கள். கப்பல்கள் வந்தன. 1800 செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர் சரணடைந்தார்கள். இரண்டு வருஷம் பட்டினி கிடந்து போராடிய குடிகளுக்கு அந்தச் சரணாகதிப் பத்திரத்தில் கையெழுத்துப் போட இடம் கொடுக்கவில்லை!

1802-இல் பிரிட்டனும் பிரான்ஸும் சமாதானம் பேசி, தீவை மறுபடி வீரத் துறவிகளுக்கே கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தன. அப்போது மால்டாவின் பிரதிநிதிகள் ஓர் உரிமைப் பிரகடனம் எழுதினார்கள். 'இங்கிலாந்து மன்னருக்கு எங்களைக் காக்க விருப்பமில்லையென்றால், எங்களை வேறொருவருக்குத் தாரை வார்க்க அவருக்கு அதிகாரம் இல்லை. யாரைத் தலைவராக்குவது, அல்லது நாங்களே ஆண்டுகொள்வதா என்பதைத் தீர்மானிக்கும் உரிமை எங்களுடையது' என்பது அதன் சாரம். இப்படிப் பேசியவர்களுக்கு, பன்னிரண்டு வருஷம் கழித்துக் கிடைத்த பதில்தான் அந்த லத்தீன் வாசகம். உதவிக்கு வந்த விருந்தாளி 1964 செப்டம்பர் 21 வரை அரசாண்டார். அவருடைய கடைசிப் படையினர் 1979 மார்ச் 31-இல்தான் போனார்கள். கல் மட்டும் இன்னும் சுவரில் இருக்கிறது. சுதந்திரம் வந்தபின் அதைப் பெயர்த்து எறியாமல் ஏன் விட்டார்கள் என்று எனக்கு முதலில் கோபமாக இருந்தது. யோசித்துப் பார்த்தால், விட்டதே நல்லதென்று தோன்றுகிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வந்து அண்ணாந்து பார்த்து, அர்த்தம் கேட்டு, சிரித்துவிட்டுப் போகலாம் அல்லவா?

அங்கிருந்து இரண்டு தெரு தள்ளி, பழைய ரொட்டிக்கடைத் தெரு. 1919 ஜூன் 7-ந் தேதி இந்தத் தெருவிலும் இதன் அக்கம்பக்கத்திலும் பிரிட்டிஷ் சிப்பாய்கள் கூட்டத்தின்மேல் சுட்டார்கள். யுத்தத்துக்குப் பிறகு ரொட்டி விலை ஏறி, வேலையும் குறைந்து, ஜனங்கள் கொதித்துப்போயிருந்தார்கள். சுயாட்சி கேட்கும் தேசிய சபை அன்று கூடியிருந்தது. மூன்று பேர் அன்றே செத்தார்கள். நாலாமவர் சில நாள் கழித்து. அமிருதஸரஸில் ஜாலியன்வாலா பாக் நடந்து அப்போது இரண்டு மாதம்கூட ஆகவில்லை. இங்கே இறந்தவர் நால்வர், அங்கே நூற்றுக்கணக்கானவர்கள். கணக்கு வேறு, கை ஒன்று. மால்டாவில் இரண்டு வருஷத்தில் ஒரு மாதிரிச் சுயாட்சி வந்தது. ஜூன் 7 இன்று அங்கே தேசிய தினங்களில் ஒன்று.

நடந்த களைப்புக்கு ஏதாவது சாப்பிட வேண்டும். புஸ்தகசாலைக்கு எதிரிலுள்ள சிறு சதுக்கத்தில் நாற்காலி போட்டிருப்பார்கள். நடுவில், 1891-இல் வைத்த விக்டோரியா மகாராணி, மால்டாவின் பின்னல் சால்வையைப் போர்த்துக்கொண்டு, தலையில் புறாக்களோடு உட்கார்ந்திருக்கிறாள். அவளையும் யாரும் அசைக்கவில்லை. காப்பி மோசமில்லை. 'பஸ்டிட்ஸி' என்ற பலகாரம் அந்த ஊரின் சமோசா. பாலாடைக் கட்டி வைத்தது ஒன்று, பட்டாணி வைத்தது ஒன்று. சுடச்சுட இருக்கும்போது வெகு ருசி. சைவர்கள் மட்டும், மேல் மாவில் பன்றிக் கொழுப்புச் சேர்த்திருக்கிறார்களா என்று கேட்டுக்கொண்டு வாங்குவது நலம். பரிமாறுகிற பிள்ளை மலையாளியாக இருந்தாலும் இருக்கலாம். இப்போது மால்டாவில் பஸ் ஓட்டுகிறவர்களிலும், ஆஸ்பத்திரி நர்ஸுகளிலும், ஹோட்டல் வேலைக்காரர்களிலும் இந்தியர் ஏராளம். 1878-இல் வந்தவர்களைப்போல் இவர்களை யாரும் கட்டளையிட்டு அழைத்து வரவில்லை. வயிறு அழைத்து வந்தது.

காப்பி குடிக்கும்போது கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். பக்கத்து மேஜைக்காரர்கள் பேசுவது இத்தாலியன்போல் ஒலிக்கும். ஆனால் இத்தாலியன் இல்லை. ரொட்டிக்கு 'ஹொப்ஸ்', சூரியனுக்கு 'ஷெம்ஷ்', ஜலத்துக்கு 'இல்மா'. அராபிய பாஷையின் கிளை அது. ஏறக்குறைய ஆயிரம் வருஷத்துக்கு முன் ஸிஸிலி வழியாக வந்தது. ஆனால் எழுதுவது ரோமன் லிபியில். பேசுகிறவர்களோ பரம கத்தோலிக்கர். மாதா கோயிலில் முழங்காலிட்டு அவர்கள் கடவுளை அழைக்கும் சொல் 'அல்லா'. தவக்காலத்துக்கு அவர்கள் பெயர் 'ரண்டான்'. ரம்ஜானின் உடன்பிறப்பு அந்தச் சொல்!

இந்த பாஷையைச் சென்ற நூற்றாண்டின் ஆரம்பம் வரையில் யாரும் மதிக்கவில்லை. சட்டம், கோர்ட்டு, படிப்பு எல்லாம் இத்தாலிய பாஷையில். தன்மேல் என்ன குற்றம் சாட்டியிருக்கிறார்கள் என்பதே புரியாமல் எத்தனையோ குடியானவர்கள் கூண்டில் நின்றிருப்பார்கள். பிரிட்டிஷார் இங்கிலீஷை மேலே கொண்டுவர முயன்றார்கள். இத்தாலியனா, இங்கிலீஷா என்று படித்தவர்கள் ஐம்பது வருஷத்துக்கு மேல் கட்சி கட்டிச் சண்டையிட்டபோது, தாய் பாஷை சமையலறையில் காரியத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. நமக்கும் இது எங்கேயோ கேட்ட கதைதான். வாஸ்ஸல்லி என்ற ஒருவர் மட்டும் 1791-லேயே அதற்கு இலக்கணம் எழுதினார். 1796-இல் அகராதி வெளியிட்டார். அரசியல் குற்றத்துக்காகச் சிறையும் தேசப்பிரஷ்டமும் அனுபவித்து, முதுமையில் திரும்பி வந்து, 1825-இல் கலாசாலையில் மால்டா பாஷைக்கு முதல் ஆசிரியரானார். நாலு வருஷத்தில் இறந்தார். மதாசாரியர்களோடு ஒத்துப்போகாத மனிதராகையால் கத்தோலிக்க மயானத்தில் இடம் கிடைக்கவில்லை. பிராடஸ்டண்டு மயானத்தில் புதைத்தார்கள்.

1934-இல்தான் மால்டா பாஷை ராஜாங்க பாஷையாயிற்று. 2004-இல் ஐரோப்பிய ஐக்கியத்தின் அதிகாரப்பூர்வ பாஷைகளிலும் ஒன்றானது. பேசுகிறவர்கள் சுமார் ஐந்து லக்ஷம். நம் ஊரில் ஒரு பெரிய ஜில்லாவின் ஜனத்தொகைகூட இல்லை! கோட்டை கட்டியவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். கோட்டைக்குக் கல் சுமந்தவர்களின் பேச்சு, காப்பி மேஜையில் நம் பக்கத்தில் கேட்கிறது. நன்றிக்கு 'கிராட்ஸி' என்று சொல்லிப் பாருங்கள். அது இத்தாலியச் சொல்தான், ஆனாலும் சந்தோஷப்படுவார்கள். விடை பெறும்போது 'ஸஹ்ஹா' என்றால் இன்னும் சந்தோஷம். ஆரோக்கியம் என்று அர்த்தம்.

பிற்பகல் கடைத்தெருவை விட்டுக் குறுக்குச் சந்துகளில் திரியலாம். மரக் கூண்டுகள் பல சாத்திக் கிடக்கும். யுத்தத்துக்கு முன் இந்த மதிலுக்குள் 20,000 பேருக்கு மேல் குடியிருந்தார்கள். 2021 ஜனக் கணக்கில் 5,000 சொச்சம். குண்டுக்கு இடிந்த வீடுகள் போக, மிச்சத்தில் பல இப்போது தங்கும் விடுதிகள். ஒரே நாளில் இரண்டு மூன்று பெரிய கப்பல்கள் வந்துவிட்டால், ஊரில் குடியிருப்பவர்களைவிட வேடிக்கை பார்க்க வந்தவர்கள் அதிகம். கப்பலிலேயே மூன்று வேளையும் சாப்பிட்டுவிட்டு, இங்கே இறங்கிக் காந்தம் ஒட்டிய பொம்மை ஒன்று மட்டும் வாங்கிக்கொண்டு திரும்புகிறவர்களால் அந்த ஜனங்களுக்கு என்ன லாபம்? மத்தியான்னச் சாப்பாட்டையாவது ஊருக்குள், பெரிய தெருவை விட்டு ஒதுங்கிய சிறு கடையில் வைத்துக்கொள்ள வேண்டும். கப்பலில் ஏற்கெனவே பணம் கட்டிவிட்டோமே என்று மனசு அடித்துக்கொள்ளும், பாதகமில்லை.

நேரம் மீதியிருந்தால், லிப்டுக்கு எதிரிலுள்ள படித்துறையிலிருந்து படகேறி அக்கரைக்கு ஒரு தடவை போய் வரலாம். சில நிமிஷப் பிரயாணம். பிர்குவின் சந்துகளில் வியாபார இரைச்சல் குறைவு. வாசற்படியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும் பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். மாலை 4 மணிக்கு மேட்டிலிருந்து மறுபடியும் ஒரு பீரங்கி வெடிக்கும். 5 மணிக்குக் கப்பலென்றால் அந்தச் சப்தம் கேட்கும்போது கப்பலண்டை வந்திருக்க வேண்டும். 6 மணிக்கென்றால் அக்கரையிலிருந்து படகு ஏறினால் போதும்.